மூட்டைக்குச் சீட்டு உண்டு, மென்பொருளுக்கு?



நம் மேல்விஷாரத்தில் டேனரிக்கு வரும் குரோம் உப்பு மூட்டையைப் பாருங்கள். தயாரித்த கம்பெனி, ஊர், பேட்ச் நம்பர் எல்லாம் அதன் மேலேயே அச்சாகியிருக்கும். தோலில் கறை விழுந்தால் மூட்டையைத் திருப்பிப் பார்த்து போன் போட்டுவிடலாம். கம்ப்யூட்டருக்குள் இறங்கும் மென்பொருளுக்கு இப்படி ஒரு சீட்டு உண்டா?

நான் பயிற்சிக்குப் போன ஒரு டேனரி ஆபீசில் ஒருநாள் பில் போடும் புரோகிராம் நின்றுவிட்டது. வாசலில் லாரி காத்திருக்கிறது. கணக்கு பார்க்கும் பாய், "தம்பி, இதைப் போட்டுக் குடுத்தது யாருப்பா? நம்பர் இருக்கான்னு பாரு" என்றார். பார்த்தேன். தயாரிப்பாளர் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி! சாயங்காலம் வரை கையாலேயே பில் எழுதினோம். குறை எங்கே என்று அன்றுதான் புரிந்தது.

மென்பொருளைக் கட்டித் தரும் மூட்டைக்குப் 'பொதி' என்று பெயர். அதோடு வரும் விவரச் சீட்டுதான் மெட்டாடேட்டா. விண்டோஸ் நிறுவியில் வெளியிட்டவர் பெயர், உதவித் தொலைபேசி எண், உதவி இணைய முகவரி ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் உண்டு. ரெட் ஹாட், சூசே லினக்ஸ்களின் ஆர்.பி.எம். பொதியில் 'வெண்டர்', 'பேக்கேஜர்' என்று இரண்டு வரிகள் உண்டு. டெபியனிலோ பராமரிப்பவரின் பெயரும் மின்னஞ்சலும் கட்டாயம்.

இதில் ஒரு சிக்கல். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பாஸ் லினக்ஸைச் சிலர் பார்த்திருப்பீர்கள். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. இப்படி ஒருவர் கட்டிய பொதியை இன்னொருவர் மாற்றித் தந்தால், கோளாறுக்கு யாரைக் கேட்பது? டெபியனிலிருந்தே பிறந்த உபுண்டு இதற்கு ஒரு வழி கண்டது. தான் மாற்றிய பொதியில் தன் குழுவின் பெயரைப் பராமரிப்பாளராக எழுதும். பழைய பராமரிப்பாளர் பெயரைத் தனி வரியில் வைத்திருக்கும். செய்யாத மாற்றத்துக்கு முதல் ஆள் ஏன் ஏச்சு வாங்க வேண்டும்? நியாயம்தானே!

சரி, எத்தனை வருஷம் ஆதரவு என்பதையும் அதே சீட்டில் எழுதிவிடலாமா? அங்கேதான் கவனம் வேண்டும். பொதி கட்டிய அன்றே சீட்டின் எழுத்து உறைந்துவிடும். ஆதரவோ இடையில் நின்றும் போகலாம், நீளவும் செய்யலாம். அதனால்தான் டெபியன், பாதுகாப்பு ஆதரவு நின்றுபோன பொதிகளின் பட்டியலைத் தனியாக வைத்துப் புதுப்பிக்கிறது. நம் கணினியில் உள்ளவற்றை அதோடு ஒப்பிட்டுச் சொல்ல ஒரு சிறு புரோகிராமும் உண்டு. ஆக, 'யார்' என்பது சீட்டில். 'எதுவரை' என்பது பட்டியலில்.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் கடைக்கும் கம்பெனிக்கும் புரோகிராம் எழுதித் தரப்போகிறோம். அந்த இரண்டு மூன்று வரிகளை நிரப்ப ஐந்து நிமிஷம் போதும். தனி ஆளின் செல் நம்பர் மாறிப்போகும். மாறாத ஒரு பொது முகவரியைப் போடுங்கள். வாசலில் லாரி நிற்கும்போது ஒரு பாய் நம்மைத் தேடினால், நாம் கிடைக்க வேண்டும். செய்த வேலைக்குப் பொறுப்பு ஏற்பதும் தொழில்நுட்பம்தான்!