பாதி மிஞ்சும் தண்ணீர்

எங்கள் அத்தை தூத்துக்குடி உப்பளத்தில் முப்பது வருஷம் உப்புச் சுமந்தவள். விடிவதற்குள் அளத்தில் நிற்க வேண்டும் என்று இருட்டோடு கிளம்பிவிடுவாள். தூக்குவாளியில் கஞ்சி, ஒரு பாட்டிலில் தண்ணீர். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு திரும்பி வருவாள். பாதங்கள் வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளையாக உப்பு ஏறியிருக்கும். சாயங்காலமானால் தவறாமல் ஒரு முறையீடு வரும்: "நீர் கடுக்கு." அதற்கு வீட்டில் இருந்த வைத்தியம் தொப்புளில் விளக்கெண்ணெய், ஊறவைத்த வெந்தயம், கிடைத்தால் ஓர் இளநீர். "உடம்புச் சூடு, வேறென்ன" என்று ஆச்சி சொல்லிவிடுவாள்.

கடுப்பு தாங்காத நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டில் பெயர், வயது, ஆணா பெண்ணா என்று எழுதினார்கள். ஒரு ஊசி, நாலு மாத்திரை. என்ன வேலை பார்க்கிறாய் என்று ஒரு தடவையும் யாரும் கேட்டதில்லை. சீட்டில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை. கேட்டிருந்தால் அத்தை விஷயத்தைச் சொல்லியிருப்பாள். எங்களிடம் சொன்னாளே: "தண்ணி குடிச்சா ஒதுங்கணும்லா. அந்த வெட்டவெளியில எங்க போயி ஒதுங்க?" அதனால் அவள் தண்ணீரே குடிப்பதில்லை. பாட்டில் பாதிக்கு மேல் மிஞ்சித்தான் வீடு திரும்பும்.

அத்தையிடம் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வி முந்நூறு வருஷத்துக்கும் பழையது. இத்தாலியின் மோதெனா நகரில் ரமஸ்ஸினி என்று ஒரு மருத்துவர். அவர் வீட்டுக் கழிவுக்குழியை அள்ள வந்த ஆள் பதைபதைப்போடு வேலை செய்ததைப் பார்த்து, ஏன் இந்த அவசரம் என்று விசாரித்தார். குழிக்குள் அதிக நேரம் இருந்தால் கண் போய்விடும் என்றார் அந்த ஆள். அந்த ஒரு பேச்சிலிருந்து தொடங்கி, பட்டறை பட்டறையாகப் போய்ப் பார்த்து, தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700இல் ரமஸ்ஸினி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளோடு "உன் தொழில் என்ன?" என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர்தான். தொழில்சார் மருத்துவம் என்று இன்று நாம் சொல்லும் துறைக்கு விதை அது.

பிறகு ஆலைகள் பெருகின. இந்த மருத்துவமும் அவற்றைப் பின்தொடர்ந்து சுவர்களுக்குள் போனது. ஈயம், பாதரசம், பென்சீன், நுரையீரலில் படியும் கல்தூசி, பஞ்சாலைத் தூசி என்று அது கண்டுபிடித்த நோய்கள் பல. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 3ஆம் அட்டவணையில், மருத்துவர் கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய 29 நோய்கள் இருந்தன. அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக எத்தனை முறை படித்தாலும் அதில் வெயில் இல்லை.

இத்தனைக்கும் உப்பளம் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பிய இடமும் அல்ல. கூரையும் சுவரும் இல்லாத திறந்தவெளியைத் தொழிற்சாலை என்று சொல்லலாமா என்று ஒரு வழக்கு வந்தபோது, கடல்நீரை உப்பாக்குவதும் உற்பத்திதான், உப்பளமும் தொழிற்சாலைதான் என்று 1961லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 1979இல் ராஜம் கிருஷ்ணன் இதே தூத்துக்குடி அளத்து மக்களோடு பழகி 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். நீதிபதி வந்தார், எழுத்தாளர் வந்தார், மருத்துவர் மட்டும் வரவில்லை. எனக்கு ஆறாத வருத்தம் இது.

மருத்துவம் வெட்டவெளிக்கு வந்த கதை வேறு ஒரு கடலோரத்தில் நடந்தது. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார் என்று ஒரு சிறிய நாடு. அங்கே கடலோரக் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்த ஆண்கள் சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டே இருந்தார்கள். பலருக்குச் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தமும் காரணமாக இல்லை. 2002இல் அங்குள்ள மருத்துவர்கள் இதை எழுதி வெளியிட்டார்கள். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், அநுராதபுரத்துப் பக்கம், நெல் விவசாயிகளிடமும் 1990களிலிருந்து இப்படி ஒரு நோய் தெரிந்தது. அங்கே குடிநீரா, பூச்சிமருந்தா, வெயிலா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. தொழில்சார் மருத்துவத்தையும் சுற்றுச்சூழல் மருத்துவத்தையும் இனித் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்று காட்டிய நோய் இதுதான். வேலை செய்யும் வயலும் தண்ணீர் எடுக்கும் கிணறும் அந்த விவசாயிக்கு ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

வெயிலில் கடுமையாக உழைக்கிறவருக்கு வியர்வையாகத் தண்ணீர் வெளியேறிவிடுகிறது. ரத்த ஓட்டம் தோலுக்குத் திரும்புகிறது, சிறுநீரகத்துக்குப் போவது குறைகிறது. களைத்துச் சிதையும் தசையின் கழிவையும் அந்தச் சிறுநீரகமே வடிகட்ட வேண்டும். ஒரு நாள் நடந்தால் தேறிவிடும். சீசன் முழுக்க, வருஷக்கணக்காக நடந்தால் தழும்பேறிச் சுருங்கும். பெரும்பகுதி போகும்வரை வெளியே ஒன்றும் தெரியாது.

இன்று நம் அளங்களுக்கும் ஆய்வாளர்கள் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் கருவியை ஒரு தரம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முக்காலி மேல் மூன்று வெப்பமானிகள். ஒன்று வெறுமனே காற்றின் சூட்டைப் பார்க்கும். ஒன்று, கரிய உலோக உருண்டைக்குள் இருந்து வெயிலை வாங்கும். மூன்றாவதில் ஈரத் திரி சுற்றியிருக்கும். உடம்பில் வியர்வை காய்வதுபோல அந்தத் திரி காய்கிறதா என்று பார்ப்பதற்கு. மூன்றையும் சேர்த்துப் போடும் கணக்கில் 70 சதவீத மதிப்பு அந்த ஈரத் திரிக்குத்தான். வியர்வை காயாத புழுக்கம் வெறும் வெயிலைவிட ஆளை அதிகம் வாட்டும் என்பது அத்தைக்குத் தெரியும். இப்போது அதற்கு ஓர் எண் கிடைத்திருக்கிறது.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 பேரைச் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேர், அந்த வேலைக்குப் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் உழைத்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது. "நீர் கடுக்கு" என்ற சொல்லை ஒருவழியாக ஆய்வுக்கூடம் கேட்டுவிட்டது.

அரசும் அசைந்திருக்கிறது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல அறிவிப்பு. ஆனால் அது சாவுக்குப் பிறகு வருவது. அத்தை மாதிரி வருஷக்கணக்காக உழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரகத்தை இழப்பவர் எந்த வெப்ப அலைக் கணக்கிலும் வரமாட்டார். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021இல் தொடங்கி வீட்டு வாசலுக்கே வருகிறது. வருகிறவர்களின் பையில் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் கருவி இருக்கிறது. ஒவ்வொரு சீசனின் தொடக்கத்திலும் முடிவிலும் அளத்துக்கே போய், சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்தால் எவ்வளவோ பேரை முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

மருந்தைவிடப் பெரிய வைத்தியம் மேஸ்திரி கையில் இருக்கிறது. நிகராகுவாவின் கரும்புத் தோட்டம் ஒன்றில் நிழற்கூடாரம், கட்டாய ஓய்வு, போதுமான தண்ணீர் என்று ஏற்பாடு செய்தபோது வெட்டுக்காரர்களின் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. ஓய்வு நேரத்துக்குக் கூலி பிடிக்காமல் இருந்தால்தான் இது நடக்கும். சுமைக் கணக்கில் கூலி வாங்குகிறவர் நிழலைப் பார்த்து நிற்கமாட்டார்.

அத்தை மகள், எனக்கு மதினி முறை, இப்போது அதே பக்கத்து அளம் ஒன்றில் வேலை செய்கிறார். காலில் ரப்பர் பூட்ஸ், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. ஈரத்துணி சுற்றிய இரண்டு லிட்டர் பாட்டிலைக் கொண்டுபோகிறார். அளத்தில் கழிப்பறையும் கட்டியிருக்கிறார்கள், ரோட்டோரத்தில். பாத்தியிலிருந்து போய்வர அரை மணி நேரம். போன வாரம் வீட்டுக்குப் போனபோது அந்தப் பாட்டில் திண்ணையில் இருந்தது. தூக்கிப் பார்த்தேன். பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது.