பச்சை குத்திக்கொள்ளுமுன்: ஆறு மாத ஆயத்தம்

பச்சை குத்துதல் நமக்குப் புதிதன்று. பாட்டிமாரின் முன்கையில் கோலமாகவும் பெயராகவும் விளங்கிய அவ்வழக்கம், இன்று ‘டாட்டூ’ என்னும் பெயரில் இளைஞரிடையே பரவியுள்ளது. பலர் நாள் குறித்து முன்பணமும் செலுத்திய பின்னரே மருத்துவரிடம் ஐயம் கேட்கின்றனர். ஆனால், இதற்கான ஆயத்தம் ஆறு மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

காரணம் எளிது. மேற்றோல் தொடர்ந்து உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதால், மை அதற்குக் கீழுள்ள உட்தோலில் செலுத்தப்படுகிறது. அங்கே நுண்ணிய இரத்தக் குழாய்கள் உள்ளன. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியோ மையோ மற்றவருக்கும் பயன்படுத்தப்பட்டால், ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய தொற்றுகள் பரவக்கூடும். இவற்றுள் ஹெபடைட்டிஸ் பி கிருமி, உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்புடன் இருக்க வல்லது.

தடுப்பூசி: ஹெபடைட்டிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. பெரியவர்களுக்குப் பொதுவாக முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என மூன்று தவணைகளாக இடப்படுகிறது. ஹெபடைட்டிஸ் சி நோய்க்குத் தடுப்பூசி இல்லை. தூய்மையான கருவிகளே காப்பு.

மருத்துவரிடம் கேட்க வேண்டியோர்: நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்த பின்னரே இதுபற்றி எண்ண வேண்டும், இல்லையெனில் புண் ஆறத் தாமதமாகும். இதய வால்வு நோயுள்ளோர், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர், தழும்பு தடித்து வளரும் இயல்புடையோர் ஆகியோரும் முன்கூட்டியே ஆலோசனை பெறுதல் நலம். கருவுற்றிருப்போர் தள்ளிப்போடுவதே நன்று. இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உட்கொள்வோர், பச்சை குத்துவதற்காக அதனைத் தாமாகவே நிறுத்துதல் கூடாது. அது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். மச்சத்தின் மீது குத்துவதைத் தவிர்க்க வேண்டும். பின்னர் அதில் தோன்றும் மாற்றங்களை மை மறைத்துவிடும்.

இடத்தைத் தேர்தல்: முன்கூட்டியே ஒருமுறை நேரில் சென்று பாருங்கள். உறையிட்ட புதிய ஊசியை உங்கள் கண்முன் பிரிக்கிறார்களா? ஒவ்வொருவருக்கும் தனிக் கிண்ணத்தில் மை ஊற்றுகிறார்களா? புதிய கையுறை அணிகிறார்களா? இவற்றைக் கேட்பதில் தயக்கம் வேண்டா. திருவிழாத் திடல்களில் ஒரே ஊசியால் பலருக்குக் குத்தும் இடங்களை அறவே தவிர்க்கவும்.

குறித்த நாளில்: முந்தைய நாள் முதல் மது அருந்தலாகாது. வயிறார உண்டு, போதிய நீர் பருகிச் செல்லுங்கள். வெறும் வயிற்றோடு சென்றால் மயக்கம் வரலாம். காய்ச்சலோ, அவ்விடத்தில் புண்ணோ இருப்பின் வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மரத்துப்போகச் செய்யும் களிம்பை மருத்துவர் அறிவுரையின்றி அதிகமாகப் பூச வேண்டா.

குடும்பத்தினர் கவனத்திற்கு: நம் நாட்டு விதிகளின்படி, பச்சை குத்திக்கொண்டவர் 12 மாதங்களுக்கு இரத்த தானம் செய்ய இயலாது. உறவினருக்கு அறுவை சிகிச்சை நாள் குறிக்கப்பட்டிருந்தாலோ, தலசீமியா போன்ற நோயால் வீட்டில் ஒருவருக்கு அடிக்கடி இரத்தம் தேவைப்பட்டாலோ, இதனையும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். இரத்தம் தர ஓடிவரும் இளைஞர், கையிலுள்ள புதிய பச்சையால் திரும்பிச் செல்ல நேர்வது எவர்க்கும் வருத்தமளிக்கும்.

குத்திய பின் சில நாட்கள் சிவப்பும் வலியும் இருப்பது இயல்பே. சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, கை வைத்தியத்தில் காலம் கடத்தாது மருத்துவமனைக்கு வாருங்கள். பச்சை வாழ்நாள் முழுதும் நிற்பது. அதற்காக ஆறு மாதம் காத்திருத்தல் பெரிதன்று.