இடுப்பில் ஒரு வௌவால்

பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் கருவி என்றதும் என்னைப் போன்ற கம்ப்யூட்டர் ஆசாமிகளுக்கு முதலில் தோன்றுவது சென்சார்தான். நாலு சென்சார், ஒரு பேட்டரி, ஒரு ஹெட்ஃபோன், வேலை முடிஞ்சது! விஷயம் அவ்வளவு சுலபமில்லை. இதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் யோஹான் போரென்ஸ்டைன் குழு உருவாக்கிய நேவ்பெல்ட்.

இது இடுப்பில் கட்டும் பெல்ட். முன்பக்கம் 8 அல்ட்ராசானிக் சென்சார்கள். ஒவ்வொன்றும் 15 டிகிரி பார்க்கும். ஆக மொத்தம் 120 டிகிரி. முதுகுப் பையில் கம்ப்யூட்டர், காதில் ஹெட்ஃபோன். உள்ளே நடப்பது வௌவால் கணக்குதான். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 3 மீட்டர் தள்ளி சுவர் இருந்தால் போய்வர 6 மீட்டர், அதாவது சுமார் 17.5 மில்லிநொடி. நேரம் தெரிந்தால் தூரம் தெரியும்.

அளப்பதில் பெரிய சிக்கல் இல்லை. அளந்ததை மனிதருக்கு எப்படிச் சொல்வது? எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் தடை இருக்கு என்பதை நேவ்பெல்ட் ஒலிகளாக மாற்றிக் காதில் போட்டது. ஆனால் வேகமாக நடந்துகொண்டே அதைப் புரிந்துகொள்ள முடியவில்லை. ரோபோ என்றால் கம்ப்யூட்டர் நேராக மோட்டாருக்குக் கட்டளை கொடுத்துவிடும். இங்கே நடுவில் ஒரு மனிதர் மொழிபெயர்த்தாக வேண்டும்.

இன்னொன்று, பார்வையற்றவருக்குக் காதுதான் ஏற்கெனவே வழிகாட்டி. வண்டிச் சத்தம், காலடியின் எதிரொலி எல்லாம் அதில்தான் வருது. அதையே நாம் அடைத்தால் எப்படி?

அதே குழு அடுத்து கைட்கேன் செய்தது. கைப்பிடியின் அடியில் சக்கரங்கள். தடை வந்தால் சக்கரம் தானே திரும்பும். கை அதை உணரும், கால் பின்தொடரும். காதுக்கு வேலையே இல்லை.

ஐஐடி டெல்லியில் உருவாகி 2014இல் வெளிவந்த ஸ்மார்ட்கேனும் காதைத் தொடுவதில்லை. சாதாரண வெள்ளைக் கோலிலேயே பொருத்தலாம். தரையில் உள்ள பள்ளம், படியைக் கோல் பார்த்துக்கொள்ளும். கோலுக்கு எட்டாமல் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கிளை, ஜன்னல் கதவு, லாரியின் பின்பக்கம் போன்றவற்றை அதிர்வால் சொல்லும்.

வருஷாவருஷம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் 'ஸ்மார்ட் ஷூ', 'ஸ்மார்ட் தொப்பி' செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். கருவியைச் சீக்கிரமே பார்வையற்ற ஒருவர் கையில் கொடுங்க. எதையெல்லாம் அணைச்சிடச் சொல்றார்னு குறிச்சு வெச்சுக்கோங்க. அடுத்த டிசைன் அதிலிருந்துதான் ஆரம்பிக்கணும்.