பால்குடிக் குழந்தையின் நிறையும் முதல் ஆகாரமும்

சங்கத்தில் நூலை நிறுத்து வாங்குவதும், நெய்த துணியை அளந்து கொடுப்பதும், இரண்டுக்கும் கணக்கெழுதி வைப்பதும் நம் நெசவாள அங்கத்தினர்களின் வழக்கம். நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் தராசிலிடாமல் விற்கும் குடியானவரும் இல்லை. ஆனால் வீட்டிலுள்ள கைக்குழந்தையின் நிறை சென்ற மாதம் எவ்வளவு, இம்மாதம் எவ்வளவு என்று கேட்டால், விடை கூறக்கூடிய குடும்பங்கள் சிலவே. 'பிள்ளை மெலிந்துவிட்டது', 'தாய்க்குப் பால் பற்றவில்லை' என்னும் முடிவுகள் பெரும்பாலும் கண்பார்வையாலேயே செய்யப்படுகின்றன.

இம்முடிவுகளின் விளைவு சிறிதன்று. பால் பற்றவில்லை என்று கருதிய குடும்பம் புட்டிப்பாலுக்கும் டப்பா மாவுக்கும் மாதந்தோறும் பணம் செலவிடத் தொடங்குகிறது. வசதியற்ற குடும்பமோ நீர்த்த கஞ்சியைப் புகட்டித் தாய்ப்பாலைக் குறைக்கிறது. இரண்டு வழியிலும் இழப்பு குழந்தைக்கே. ஆறாம் மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள காலமே ஊட்டக்குறைவு மிகுதியாகத் தோன்றும் காலமாகும். ஆதலின், தாய்ப்பாலை நிறுத்தாமலே குழந்தையை முறையாக நிறை பெறச் செய்வது எப்படி என்பதை அங்கத்தினர்கள் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

நிறை ஏறும் இயல்பு

குழந்தை பிறந்த முதல் மூன்று மாதங்களில் நிறை விரைவாக ஏறுகிறது. பின்னர் அவ்வேகம் இயல்பாகவே குறைகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளின்படி, ஆண் குழந்தையின் நடுத்தர நிறை 6 மாதத்தில் 7.9 கிலோ, 9 மாதத்தில் 8.9 கிலோ, ஓராண்டில் 9.6 கிலோ. பெண் குழந்தைக்கு இவை முறையே 7.3, 8.2, 8.9 கிலோ ஆகும். அதாவது 6 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் இடையே மாதம் ஒன்றுக்குச் சுமார் 300 கிராமும், அதற்குப் பின் 200 கிராமுக்குச் சற்று அதிகமாகவும் ஏறினால் போதும். முதல் மாதங்களில் முக்கால் கிலோவுக்குக் குறையாமல் ஏறிய குழந்தை இப்போது கால் கிலோ மட்டுமே ஏறுவதைக் கண்டு தாய்மார்கள் கலங்க வேண்டியதில்லை.

இவை நடுத்தர அளவுகளே. ஒவ்வொரு குழந்தையும் இந்த எண்ணை எட்டியே தீரவேண்டும் என்பதில்லை. 6 மாதத்தில் 6.8 கிலோ உள்ள ஆண் குழந்தையும் தன் வரிசையில் ஒழுங்காக ஏறி வந்தால் நலமாகவே இருக்கிறது. இந்த அளவுகளை வகுக்க ஆறு நாடுகளில் குழந்தைகள் நிறுக்கப்பட்டனர். அவற்றுள் நம் நாட்டின் புதுதில்லியும் ஒன்று. தாய்ப்பால் அருந்திய குழந்தைகளையே அளவுகோலாகக் கொண்டது இதன் சிறப்பு. புட்டிப்பால் குழந்தைகள் ஓராண்டின் பிற்பாதியில் சற்று அதிகமாகப் பருப்பது உண்டு. அண்டை வீட்டுப் புட்டிப்பால் குழந்தையுடன் நம் குழந்தையை ஒப்பிட்டு வருந்துவது முறையன்று. கொழுத்த குழந்தையே ஆரோக்கியமான குழந்தை என்னும் எண்ணமும் தவறு. நிறை தன் வரிசையில் ஏறிக்கொண்டே இருப்பதுதான் ஆரோக்கியத்தின் அடையாளம்.

நீர்க்கஞ்சியின் கணக்கு

முதல் 6 மாதம் முடியும் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை. அதன்பின் பால் மட்டும் போதாது. 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 600 கலோரிக்குச் சற்று அதிகமான சக்தி தேவை. அதில் சுமார் 400 கலோரி தாய்ப்பாலிலிருந்து கிடைக்கும். எஞ்சிய 200 கலோரியை ஆகாரத்தின் மூலம் தரவேண்டும். 9 முதல் 11 மாதத்தில் இந்தத் துண்டு 300 கலோரியாகவும், ஓராண்டுக்குப் பின் 550 கலோரியாகவும் பெருகுகிறது.

இத்துண்டை எதைக்கொண்டு நிரப்புவது? இங்கேதான் தவறு நேர்கிறது. குழந்தையின் வயிறு மிகச் சிறியது. உடல் நிறையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் கொள்ளும். 8 கிலோ குழந்தையின் வயிறு கால் லிட்டருக்கும் குறைவாகவே ஏற்கும். 10 கிராம் ராகி மாவை 200 மில்லி லிட்டர் தண்ணீரில் காய்ச்சிய கஞ்சியில் சுமார் 35 கலோரியே உண்டு. அதே 200 மில்லி லிட்டர் தாய்ப்பாலிலோ 130 கலோரி உண்டு. கஞ்சியால் வயிறு நிறைந்த குழந்தை பாலைத் தள்ளிவிடும். அவ்வாறு தள்ளுந்தோறும் அதன் வரவில் ஏறத்தாழ 100 கலோரி குறைகிறது. எளிதில் செரிக்கும் என்று அன்போடு புகட்டும் நீர்க்கஞ்சியே குழந்தையை மெலியச் செய்கிறது என்பது இக்கணக்கால் விளங்கும்.

ஆகவே விதி ஒன்றே: பால் குறையக்கூடாது, ஆகாரம் நீர்த்திருக்கக்கூடாது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் தங்கி நிற்கும் பதமே சரியான பதம்.

கோவையில் பிறந்த குழந்தை அமுது

இத்தகைய ஆகாரத்திற்கு நாம் வெளியே தேடிச் செல்ல வேண்டியதில்லை. கோயமுத்தூரில் 1957ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி, டாக்டர் ராஜம்மாள் பி. தேவதாஸ் அம்மையார் நீண்டகாலம் வழிநடத்திய கல்விச்சாலை. இன்று அது பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. அங்கே உருவான மாவுக் கலவைக்குக் 'குழந்தை அமுது' என்று பெயர். நம் தோட்டங்களில் விளைவனவே அதன் சரக்குகள்:

ராகி, சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றுள் ஒன்று — 30 கிராம்
பச்சைப்பயறு — 20 கிராம்
நிலக்கடலை — 10 கிராம்
வெல்லம் — 20 கிராம்

தானியத்தையும் பயறையும் கடலையையும் தனித்தனியே வறுத்து, கடலைத் தோலை நீக்கி, நைசாக அரைத்துச் சலித்துக் கொள்ளவேண்டும். தானியத்தில் குறைவான புரதச்சத்தைப் பயறு நிறைவு செய்கிறது. கடலையின் எண்ணெய்ச்சத்து சக்தியைக் கூட்டுகிறது. இரண்டு வயது வரை இனிப்பைத் தவிர்ப்பது நல்லது என்று இன்றைய குழந்தை மருத்துவர்கள் கூறுவதால் வெல்லத்தை விட்டுவிடலாம். மசித்த வாழைப்பழம் போதிய இனிப்பைத் தரும். வெல்லமின்றியும் எஞ்சிய 60 கிராம் மாவில் சுமார் 220 கலோரி உண்டு. மேலே கூறிய 200 கலோரித் துண்டு இதனால் நிரம்புவதைக் காண்க.

கடலை விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். பூஞ்சை பிடித்ததும் சுருங்கியதும் நிறம் மாறியதுமான பருப்பைப் பொறுக்கி எறிந்துவிடவேண்டும். அதில் தங்கும் நஞ்சு வறுத்தாலும் முற்றும் போகாது. முழுக்கடலையைக் குழந்தையிடம் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். மாவாகவே தரவேண்டும். கடலை கலந்த ஆகாரத்தை முதன்முறை சிறிதளவே கொடுத்து, உடலில் தடிப்போ வாந்தியோ தோன்றுகிறதா என்று கவனித்தல் நன்று.

கெட்டியான கூழைக் குழந்தை விழுங்க மறுத்தால் தண்ணீர் விட வேண்டாம். முளைகட்டிய ராகி மாவு இதற்கு உதவும். ராகியை இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைவந்தபின் நன்றாக வெயிலில் உலர்த்தி, முளையைத் தேய்த்து நீக்கி அரைத்து வைத்துக்கொள்க. வெந்த கூழ் சற்று ஆறியதும் ஒரு தேக்கரண்டி முளைமாவைச் சேர்த்துக் கிளறினால், முளையிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துக் கூழை இளக்கும். பின் மீண்டும் ஒரு கொதி வரவிட்டு இறக்கவேண்டும். கூழ் இளகும், சத்து குறையாது.

எவ்வளவு, எத்தனை முறை?

தொடக்கத்தில் இரண்டு மூன்று கரண்டி போதும். படிப்படியாக உயர்த்தி, 6 முதல் 8 மாதத்தில் கால் லிட்டர் கிண்ணத்தில் அரைக்கிண்ணம் வீதம் நாளைக்கு இரண்டு மூன்று முறை தரவேண்டும். 9 மாதம் முதல் மூன்று நான்கு முறையாக்கலாம். ஓராண்டுக்குப் பின் வேளைக்கு முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரை, இடையே சிற்றுணவும் வேண்டும். பால் கேட்கும்போதெல்லாம், இரவிலும், கொடுத்தே வரவேண்டும். ஒரு பக்கத்துப் பாலை முழுதும் குடித்தபின் மறுபக்கம் மாற்றுவது நன்று. கடைசியில் சுரக்கும் பாலில்தான் கொழுப்புச் சத்து மிகுதி. இரண்டு வயது வரையும் அதற்குப் பின்னும் பால் தரலாம்.

நம் வட்டாரத்து அரிசியும் பருப்பும் சாதம் குழந்தைக்கும் ஏற்ற ஆகாரமே. காரமின்றிக் குழைய வேகவைத்து, மசித்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ கடலெண்ணெயோ விட்டால் 40 கலோரிக்கு மேல் கூடுகிறது. எண்ணெய் வயிற்றில் இடத்தை அடைக்காமல் சக்தியைச் சேர்க்கும் பொருள் என்பதை நினைவிற் கொள்க. பச்சைப்பயறு கடைசல், மசித்த முருங்கைக்கீரை, பறங்கிக்காய், தயிர் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பழக்கலாம்.

இரும்புச்சத்து தனியே கருதத்தக்கது. தாய் வயிற்றில் சேமித்த இரும்பு 6 மாதத்தோடு தீரத் தொடங்கும். பாலில் அது சிறிதே. கோழிப்பண்ணைகள் நிறைந்த பல்லடம் வட்டாரத்தில் முட்டைக்குப் பஞ்சமில்லை. நன்றாக வெந்த முட்டையையும் மசித்த ஈரலையும் 6 மாதம் முதலே பழக்கலாம். சைவக் குடும்பத்தினர் பயறு, கீரையுடன் சிறிது எலுமிச்சைச் சாறோ தக்காளியோ சேர்த்தால் இரும்பு உடலில் நன்கு சேரும். வாரம் இருமுறை கொடுக்கும்படி அரசு வழங்கும் இரும்புச்சத்துத் திரவத்தையும் செவிலியர் கூறும் அளவில் தவறாது கொடுக்கவேண்டும்.

தறிக்குச் செல்லும் தாய்மார்கள்

விசைத்தறியிலும் தார் சுற்றும் வேலையிலும் தோட்டத்து வேலையிலும் உள்ள சகோதரிகளுக்குக் குழந்தையைப் பிரிந்திருக்கும் நேரமே இடையூறு. வேலைக்குப் புறப்படுமுன்னும் திரும்பியவுடனும் பால் கொடுப்பதோடு, சுத்தமான பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி மூடி வைத்தால் நான்கு மணி நேரம் வரை வைத்திருக்கலாம். கோடையில் அதற்கு முன்பே கொடுத்துவிடுதல் நன்று. அப்பத்தாவோ அமுச்சியோ அதைப் பாலாடையால் புகட்டலாம். புட்டி வேண்டாம்; ரப்பரிலும் மூலைகளிலும் கிருமி தங்கும். தாயும் வழக்கத்தைவிட ஒரு வேளை அதிகமாக உண்ணவேண்டும். பாலூட்டும் காலத்தில் அவளுக்கு நாளொன்றுக்கு 500 கலோரிக்கு மேல் கூடுதலாகத் தேவை.

தேநீரில் நனைத்த பிஸ்கட்டும் ரொட்டியும் பசியைக் கெடுக்குமேயன்றி நிறையைத் தரா. ஓராண்டுக்குள் தேன் கூடாது. பசும்பாலையும் அதுவரை முக்கிய பானமாக்கலாகாது. டப்பா மாவுகளையும் புட்டிகளையும் விளம்பரம் செய்வதே 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. 2003இல் அச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. பெட்டிமேல் காணும் பகட்டை நம்ப வேண்டியதில்லை.

மாதம் ஒருமுறை நிறுவை

இவ்வளவும் செய்து பலன் கிடைத்ததா என்பதைத் தராசுதான் கூறும். 1980ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதையே அடிப்படையாகக் கொண்டது. 6 முதல் 36 மாதக் குழந்தைகள் மாதந்தோறும் நிறுக்கப்பட்டனர். நிறை ஏறாத குழந்தைக்கு மூன்று மாதம் சத்துருண்டை தந்து, தாய்க்கு ஆகார முறையும் கற்பித்தனர். மெலிவு கண்ணுக்குத் தெரியுமுன்பே தராசுக்குத் தெரிந்துவிடும் என்பதே அத்திட்டம் தந்த பாடம்.

இன்று ஒவ்வோர் அங்கன்வாடியிலும் தராசு உண்டு. வளர்ச்சி அட்டையும் உண்டு. 6 மாதம் முதல் சத்துமாவும் அங்கே இலவசமாக வழங்கப்படுகிறது. அம்மாவைத் தயாரிக்கும் பணியில் மகளிர் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் ஈடுபட்டு வந்திருப்பது கூட்டுறவாளர்களாகிய நமக்குப் பெருமை. ஒரு மாதம் நிறை ஏறாவிடில் ஆகாரத்தின் பதத்தையும் வேளையையும் சரிபார்க்கவேண்டும். இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாவிடிலும், நிறை குறைந்தாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். பாலும் உணவும் மறுத்தல், சோர்ந்து கிடத்தல், கால் வீங்குதல், விடாத காய்ச்சல், பேதி ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பேதியின்போது பாலை நிறுத்தாமல், உப்புச் சர்க்கரைக் கரைசலும் 14 நாள் துத்தநாக மாத்திரையும் தரவேண்டும். நோய் தீர்ந்தபின் இரண்டு வாரம் நாளைக்கு ஒருவேளை அதிகமாக ஊட்டினால் இழந்த நிறை திரும்பும்.

நம் சங்கங்களும் இதில் செய்யத்தக்கது உண்டு. அங்கத்தினர் விளைவித்த ராகியையும் பயறையும் கடலையையும் சேர்த்து வாங்கி, சுத்தமாக வறுத்து அரைத்து, அடக்க விலையில் கொடுக்கலாம். அங்கன்வாடியில் குழந்தைகளை நிறுக்கும் நாளைச் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். தந்தையரும் அந்நாளில் உடன் செல்லட்டும். பாஸ் புத்தகத்தைப் போற்றி வைப்பது போலவே குழந்தையின் வளர்ச்சி அட்டையையும் ஒவ்வோர் அங்கத்தினர் வீட்டிலும் போற்றி வைத்து, மாதந்தோறும் அதில் நிறையைப் பதிந்து வருவார்களாக.