காய்ச்சலோடு ஊருக்கு அனுப்பினால் தீர்ந்துவிடுமா?

விடுதியில் நாலு பேருக்குக் காய்ச்சல் என்றதும் பல கல்லூரிகளில் எடுக்கப்படும் முதல் முடிவு, "எல்லாரும் ஊருக்குப் போங்க" என்பதுதான். கடந்த மழைக்காலத்தில் நம் மாவட்டத்து ஆதிதிராவிடர் மாணவர் விடுதி ஒன்றுக்கு நாங்கள் போனபோது, பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு இருமியபடி பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார்கள். மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் கேட்டார்: "எங்க வீடு ஒரே ரூம்ணா. ஆயாவுக்கு சுகர் இருக்கு. நான் எங்க போய்ப் படுக்கறது?"

வார்டனிடமும் இதற்குப் பதில் இல்லை. அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஓர் அறையில் பத்துப் பேர் பாய் விரிக்கும் கட்டடத்தில், ஒதுக்குவதற்குத் தனியறை எங்கே இருக்கிறது?

ஃப்ளூ காய்ச்சல், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குப் பரவும். அதன் பிறகும் ஐந்தாறு நாள் பரவும். கூட்டப் பேருந்தில் ஏற்றி அனுப்பினால் கல்லூரி வளாகம் காலியாகும். காய்ச்சல் காலனிக்குப் போய்ச் சேரும். முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், சர்க்கரை நோயாளிகளுக்குத்தான் இது நிமோனியாவாக முற்றும் ஆபத்து அதிகம்.

1918 கொள்ளைக் காய்ச்சலின்போது பம்பாய் நகரில் ஐரோப்பியர்கள் ஆயிரத்துக்கு 8 பேர் இறந்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதியினர் ஆயிரத்துக்கு 61 பேர். நெருக்கடியான குடியிருப்பும் அரைவயிற்றுச் சோறும் எட்டாத வைத்தியமும் சேர்ந்து செய்த வேலை அது.

விடுதியிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. படிப்பறையைக் காலி செய்து, காய்ச்சல்காரர்களை இடைவெளி விட்டுப் படுக்க வைக்கலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், டம்ளர், துண்டு தனியாக இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே தகவல் சொல்லி மருத்துவக் குழுவை வரவழைக்க வேண்டும். தேவைப்படுவோருக்கு டாக்டர் தரும் ஓசெல்டாமிவிர் மாத்திரை, முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் உடனே 108.

கஞ்சிக்கும் வழி வேண்டும். கல்லூரி விடுதி மாணவர்களுக்கான உணவுப்படியை மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக அரசு உயர்த்தியது 2023இல்தான். நாளுக்கு 50 ரூபாய். மூன்று வேளைச் சாப்பாடும் இதற்குள்ளேதான். காய்ச்சல்காரருக்குத் தனியாக ரசமும் முட்டையும் யார் கணக்கில்?

இன்னொன்று, வருகைப்பதிவு. 75 சதவீதம் குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள் என்ற பயத்தில், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வகுப்பில் உட்காருகிறவர்கள் பலர். பக்கத்து பெஞ்சுக்குப் பரவுவது அப்படித்தான். அரசு மருத்துவமனை ஓபி சீட்டைக் காட்டினால் போதும், அந்த நாட்களுக்கு வருகை உண்டு என்று முதல்வர் அறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வரட்டும். அதற்குப் பைசா செலவில்லை.

அந்த மாணவரிடம் பிறகு போனில் பேசினோம். ஊருக்குப் போய், ஐந்து நாள் காலனி சமுதாயக் கூடத்துத் திண்ணையில் படுத்திருந்தாராம். ஆயா தினமும் கஞ்சியைப் படியில் வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.