வேருக்குத் தவணை கொடுங்கள்

வளர்ந்த எலுமிச்சையை இடம் மாற்ற வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மாசம் பொறுப்பீங்க?" என்பதுதான். எங்கள் புளியங்குடி, எலுமிச்சையால் பேர் வாங்கிய ஊர். 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனாலும் வீட்டை நீட்டிக் கட்டும்போது குறுக்கே நிற்கிற செடிக்கு இங்கேயும் இரக்கம் கிடையாது. எங்கள் அடுக்களையைப் பெரிதாக்கியபோது, "அண்ணாச்சி, ஜேசிபியை விட்டா அரை மணி நேர வேலை" என்றார் கொத்தனார். நான் சம்மதிக்கவில்லை.

எலுமிச்சைக்குத் தண்ணீர் உறிஞ்சித் தருவது சல்லிவேர். அது பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணுக்குள், கிளை விரிவையும் தாண்டிப் பரவிக் கிடக்கும். இயந்திரம் இழுத்தால் தடித்த வேர் வரும், சல்லிவேர் மண்ணோடு தங்கிவிடும். குடிக்க வழியில்லாத செடியின் இலைகள் மட்டும் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். பிறகு பிழைப்பது எப்படி?

அதனால் வேரை முன்கூட்டியே பழக்க வேண்டும். தூரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஆடியில் அரைவட்டமாகக் குழி பறித்து, வேர்களைக் கூரான அரிவாளால் நறுக்கென்று வெட்டி, மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து மூடினேன். மறு பாதியை ஆவணியில் வெட்டினேன். வெட்டிய முனைகளில் புதுச் சல்லிவேர் விடும். செடியோடு அதுவும் கூடவே வரும். மலையின் மழைமறைவில் இருக்கும் எங்களுக்கு நல்ல மழை ஐப்பசியில்தான். எடுத்து நடுவதை அதற்கென்று வைத்துக்கொண்டேன்.

முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டால் மண் உதிராது. காயைப் பறித்து, கிளையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். மூன்றடி அகலம், இரண்டடி ஆழமுள்ள மண்கட்டு அரை டன் கனக்கும். அதைச் சாக்கால் இறுகச் சுற்றிக் கட்டி, பலகையில் ஏற்றி நகர்த்தினோம். தண்டைப் பிடித்துத் தூக்கினால் கட்டு உடைந்துபோகும். வடக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, புது இடத்திலும் அதே திசையில் நிறுத்துங்கள். நிழல் கண்ட பட்டை திடீரென்று வெயிலைத் தாங்காது. பழைய மண்மட்டத்துக்கு மேல் தூரைப் புதைக்கவே கூடாது. எலுமிச்சைக்கு அடித்தண்டு அழுகல் வரும்.

நட்ட பிறகு இலை கொட்டும். கலங்காதீர்கள். சுள்ளி பச்சையாக இருந்து இலை தானாக உதிர்ந்தால் நம்பிக்கை உண்டு. காய்ந்த இலை உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கவலை. புதுக்கொழுந்து வரும்வரை உரம் வேண்டாம்.

பிசின் வடிகிற கிழட்டுச் செடிக்காக இத்தனை பாடு தேவையில்லை. ஒரு கிளையில் விண்பதியம் போட்டுக்கொள்ளுங்கள். விதை போட்டாலும் எலுமிச்சையில் பெரும்பாலான கன்றுகள் தாயைப் போலவே வரும். பிறகு தாராளமாகத் தோண்டி எடுக்கலாம். ஆளுயரத்துக்குத் தண்டை விட்டு வெட்டினால், வேரை அசைத்துப் பிடுங்க அதுவே நெம்புகோல் ஆகும்.

அரளிப் புதரை எடுப்பவர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன். அதன் இலை, பூ, வேர் எல்லாமே விஷம். எரித்தால் புகையும் கெடுதல். கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள். வெட்டியதை ஆடுமாடு வாய் வைக்காத இடத்தில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.