ஏரிக்கரைப் பிள்ளைகளும் கோச்சிங் கட்டணமும்

எளாவூரிலிருந்து பழவேற்காடு ஏரிப் பக்கம் போகும் மீனவ ஊர்களில், வலையை நம்பிய காலம் தன்னோடு போகட்டும், பிள்ளையாவது படித்துக் கரையேறட்டும் என்று சொல்லாத பெற்றோரைப் பார்ப்பது அரிது. அந்த ஆசையில் குற்றமே இல்லை. ஆனால் ஆறாம் வகுப்பிலேயே நீட் ஃபவுண்டேஷன், அதோடு அபாகஸ், இந்தித் தேர்வு என்று அதை விலைபேச வருகிறவர்களிடம் பணம் கட்டுமுன் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், கையில் இருப்பதை இழந்துவிடாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை 2020-இல் தமிழ்நாடு சட்டமாக்கியது. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. மீன்வளக் கல்லூரி பொன்னேரியிலேயே இருக்கிறது. கடன் வாங்கி ஏழாம் வகுப்பில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்த உரிமை கைவிட்டுப் போகும். கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அப்படித்தான். பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துச் செய்தது பிள்ளையின் வழியையே அடைப்பதைக் காண மனம் பதறுகிறது.

கோச்சிங் பற்றி மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 16 வயது நிறையாதவர்களைச் சேர்க்கக் கூடாது. பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும். இது சட்டமல்ல, வழிகாட்டுதல்தான். ஆனாலும் ரசீதை வைத்திருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். விசாகப்பட்டினத்தில் நீட்டுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இன்னும் கண்டிப்பாகப் பேசியது: மதிப்பெண்ணை வைத்து வகுப்பு பிரிக்கவோ, எல்லோர் முன்னும் அவமானப்படுத்தவோ கூடாது.

பள்ளிக்கும் கட்டுப்பாடு உண்டு. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. 28-ஆம் பிரிவின்படி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது. வகுப்பு ஆசிரியரே "என்கிட்ட வந்தாத்தான் மார்க்" என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்புங்கள். அந்தக் குழுவின் தலைவர் உங்களைப் போன்ற ஒரு பெற்றோர்தான்.

வீட்டுக்கு வருவோம். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை, தன்னைப் பற்றிய முடிவில் அதன் சொல்லுக்கும் இடம் வேண்டும் என்கிறது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. பள்ளி விட்டு வந்து தம்பியைப் பார்த்து, இறால் ஆய்ந்து, அதன் பிறகு இரண்டு டியூஷனுக்கு ஓடும் பெண்ணுக்கு அந்த உரிமை எங்கே மிஞ்சுகிறது? வகுப்பு நாளில் மட்டும் வயிற்றுவலி, தூக்கமின்மை, மார்க்கை மறைத்துப் பொய் சொல்வது எல்லாம் சோம்பேறித்தனம் அல்ல, தாங்க முடியவில்லை என்பதன் அடையாளம்.

துணை நிற்பது எப்படி? கணக்கில் ஆசையுள்ள பிள்ளையை எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுத விடுங்கள்; வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. பாட்டும் கூத்தும் பிடித்தவளுக்கு அரசுப் பள்ளிக் கலைத் திருவிழா இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. தேர்வு நாளில் வீட்டு வேலையிலிருந்து விடுவிப்பதும், விளக்கு இருக்கும் இடத்தைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பதும் பெரிய உதவி. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

"எனக்கு வேணாம்மா" என்று பிள்ளை சொன்னால் அடிக்காமல், திட்டாமல் காரணத்தைக் கேளுங்கள். அந்த வகுப்பை ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கலாம். படிப்பு, தேர்வுச் சந்தேகத்துக்கு 14417. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098, பிள்ளையே கூப்பிடலாம். மனம் உடைந்து பேசுகிற பிள்ளைக்கு டெலிமானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.